காலையில் நகர மறுத்த மஞ்சள் வண்டி

ஐயா,

நேற்று போனில் நீ தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டேன். "அம்மா, கல்யாணத்துக்கு நீ அந்த வண்டிய ஓட்டிட்டு வரவேண்டாம். நான் டிரைவரோட ஒரு காரு ஏற்பாடு பண்ணுதேன். பழைய வண்டி, வழியில நின்னுட்டா மண்டபத்துல எல்லாரும் ஒன்னையத் தேடிட்டு இருப்பாவ" என்றாய். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி முழுவதையும் வண்டியின் தலையில் போட்டாய். பிள்ளைக்குப் பேசத் தெரிந்துவிட்டது என்று ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதிலை அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் அதிகம் பேசினால் கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். கல்யாணத்தை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது இதில் ஒரு வசதி.

அந்த வண்டி எப்படி நம் வீட்டில் நிலைத்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. உனக்குத் தெரிந்ததெல்லாம், கோவில்பட்டியிலேயே உன் ஒருவனைத்தான் மஞ்சள் நிறத்தில் இரண்டே கதவு வைத்த வண்டி பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டது என்ற பெருமைதான். அந்தப் பெருமைக்குப் பின்னால் நடந்த கூத்தை இப்போது சொல்கிறேன். புதுப் பெண்டாட்டியோடு குடித்தனம் தொடங்கப்போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் ஒன்றிரண்டு இருக்கிறது.

நான் கால் சரியில்லாதவள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லுகிற வழக்கம் எனக்கு இல்லை. சின்னப் பிள்ளையில் வந்த காய்ச்சலில் இடது கால் மெலிந்துபோனது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பேன். கயத்தாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றையும் கொஞ்சம் கரிசலையும் வைத்து விவசாயம் பார்த்த வீட்டில் பிறந்தவள், கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் டவுன் பஸ் படியில் ஏற எனக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஆட்டோக்காரர் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வீட்டில் ஒரு அம்பாசடர் நின்றது. அது உன் பெரியப்பா பொறுப்பில். அதில் ஏற வேண்டுமென்றால் முதலில் உன் அப்பாவிடம் சொல்லி, அவர் அண்ணனிடம் சொல்லி, அவர் டிரைவரிடம் சொல்ல வேண்டும். "எங்க போகணும்? எதுக்கு? எப்பத் திரும்புவாவ?" என்று கேள்வி அதே வழியில் திரும்பி வரும். என் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்ன ஒரு நாளில், இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் போய்ச் சேர்ந்து வண்டி வாசலுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று வாசலில் நின்றபடி நான் எனக்குள் ஒரு சபதம் போட்டுக்கொண்டேன். இனி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, நானே ஓட்ட வேண்டும்.

சபதம் போடுவது எளிது. கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டுமே! இந்த இடத்தில்தான் கடவுள் எனக்கு ஒரு மாவுக்கட்டுக்காரரைக் காட்டினார். உன் அப்பாவோடு மதுரைக்குப் போயிருந்தேன். ஒரு பேங்க் வாசலில் அவருக்காகக் காத்திருந்தபோது, இடது காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் கம்பை ஊன்றி வந்தார். தாழ்வான மஞ்சள் வண்டியொன்றில் ஏறினார். டிரைவர் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனிதர் தானே ஓட்டிக்கொண்டு போக ஆயத்தமாகிவிட்டார். நான் கூச்சத்தை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி ஓடாத குறையாகப் போய் கண்ணாடியைத் தட்டினேன். "சார், ஒங்க இடது கால் என்ன செய்யுது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஒண்ணும் செய்யலம்மா, அது பாட்டுக்கு ஓய்வா இருக்கு" என்று சொல்லிக் கீழே காட்டினார். இரண்டே மிதிதான் இருந்தது. ஒன்று ஓட்டுவதற்கு, ஒன்று நிறுத்துவதற்கு. கியர் தானாக மாறிக்கொள்ளுமாம். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பந்தய ரக வண்டி அது. நம் பக்கத்தில் அப்போது அப்படி வேறு வண்டி கண்ணில் பட்டதே இல்லை. அவர் அதை விற்கும் யோசனையில் இருந்தார். பேங்கிலிருந்து வெளியே வந்த உன் அப்பா, நான் வெயிலில் நின்று ஒரு அந்நிய மனிதரோடு விலை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

உன் அப்பாவை அண்ணனுக்குப் பயந்த மனிதர் என்று ஊரே சொல்லும். நீயும் கேலி செய்வாய். ஆனால் அந்த வண்டியை அண்ணனிடம் கேட்காமல் வாங்கியவர் அவர்தான். வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி தம்பி பெண்டாட்டியான என்னிடம் அவர் நேரில் பேச மாட்டார். பக்கத்தில் உன் அப்பாவை நிறுத்திக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி அவரிடம் சொல்வார். "தம்பி, இது சினிமாக்காரன் ஓட்டுத வண்டில்லா! இதுல ஏறி எந்த ஆபீசுக்குப் போகப் போறாவ?" என்றார். நானும் உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "எல்லா ஆபீசுக்கும்னு சொல்லுங்க" என்றேன். நடுவில் நின்ற மனிதர் பாவம், எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் முழித்தார்.

கயத்தாறு போகிற ரோட்டில் விடிந்ததும் போய் ஓட்டிப் பழகினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். எனக்கு ஓட்டுவது சீக்கிரமே வசப்பட்டது. வண்டிதான் ஒரு கோளாறைக் காட்டத் தொடங்கியது. காலையில் ஆறிக்கிடக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, கியர் கம்பியை ஓட்டுகிற நிலைக்குத் தள்ளினால் ஒன்றுமே நடக்காது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. காதில் விழாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கும். பிறகு அடியில் "டொம்" என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி முன்னால் பாயும். கயத்தாறு வரை போய்ச் சூடேறிவிட்டால் இந்தக் கோளாறு இருந்த இடமே தெரியாது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழும். மதியம் முழுவதும் நிழலில் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடியும் அதே தாமதம், அதே உதை.

நம் ஊர் லாரிக்கார ஊர். வண்டி வைத்திருக்கிற யாரும் காலையில் எழுந்ததும் முதலில் செய்வது ஆயில் பார்ப்பது. இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அளவுக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். ராத்திரியெல்லாம் ஆயில் அடியில் இறங்கி நின்றிருக்கும், அப்போதுதான் அளவு சரியாகத் தெரியும் என்பது லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உன் அப்பா அதே பக்தியோடு இந்த வண்டியிலும் செய்தார். இன்ஜினுக்கு ஒரு கம்பி, கியர்ப் பெட்டிக்குத் தனியாக ஒரு கம்பி. இரண்டையும் தினமும் உருவிப் பார்த்து, "ரெண்டும் நெறஞ்சு கெடக்கு" என்று திருப்தியாகச் சொல்வார். லாரி மெக்கானிக் தங்கையாவும் வந்து அதே மாதிரி உருவிப் பார்த்தார். "ஆயிலுக்கு ஒரு கொறையும் இல்ல தாயி. உள்ள ஏதோ தேஞ்சு போச்சு" என்று தலையைச் சொரிந்தார். அவர் நல்ல வேலைக்காரர். ஆனால் தானாக மாறுகிற கியரை அவர் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

லைசென்ஸ் சோதனைக்குப் போன நாள் தை மாதக் காலை, நல்ல குளிர். வரிசையில் காத்திருந்து என் முறை வருவதற்குள் வண்டி கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்துபோனது. ஆய்வாளர் வந்து பக்கத்தில் ஏறி, மடியில் ஃபைலை விரித்துக்கொண்டு, "எடுங்கம்மா" என்றார். ஸ்டார்ட் செய்தேன், கியர் கம்பியைத் தள்ளினேன். வண்டி நகரவில்லை. பதறாமல் காத்திருந்திருக்க வேண்டும். வெளியே நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், ஆய்வாளர் மறுபடியும் "எடுங்கம்மா" என்கிறார், நான் மிதியை அமுக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து கியர் விழுந்தது. வண்டி எகிறிப் பாய்ந்து மைதானத்து ஓரத்தில் இருந்த சீமைக்கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஆய்வாளருடைய ஃபைல் காலடியில் கிடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, வண்டியின் மஞ்சள் பெயின்டுக்குத்தான் முள் கீறல். அந்த மனிதர் நியாயமானவர். குரலை உயர்த்தாமல், "ஒங்க ஓட்டுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வண்டிய நம்பி நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ரோட்டுல யாருக்கு என்ன ஆகும்? வண்டியச் சரி பண்ணிட்டு வாங்க. சரி பண்ண முடியலன்னா வராதீங்க" என்றார்.

வேறு வண்டி என்றால் எனக்கு வேறு கால் வேண்டும். ஆகவே இந்த வண்டி சரியாகாவிட்டால் என் கதை அம்பாசடர் வாசலில்தான் முடியும் என்று தெளிவாகத் தெரிந்தது. சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பா உன் அப்பாவை முன்னால் நிறுத்திக்கொண்டார். "தம்பி, இன்னைக்கு முள்ளுக்குள்ள போச்சு. நாளைக்கு லாரிக்குள்ள போனா என்ன செய்வ? மதுரையில இருந்து ஒரு புரோக்கர வரச் சொல்லுதேன். வண்டி போயிரட்டும். அவியளுக்கு எங்க போகணும்னாலும் நம்ம டிரைவர் கூட்டிட்டுப் போவான்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னால் ஒரு வார்த்தை நறுக்கென்று சொல்லலாம். அக்கறையோடு ஒருவர் நம் கையைக் கட்டும்போது என்ன செய்வது? அப்போதுதான் உன் அப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனுக்கு எதிர்ப்பேச்சாக, "அண்ணாச்சி, அவ மறுபடி ஒரு தடவ ஓட்டிக் காட்டட்டும். அதுக்குப் பெறகு புரோக்கர் வரட்டும்" என்றார். சொல்லிவிட்டு அவரே தான் சொன்னதைக் கேட்டு மிரண்டுபோய்த் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

தங்கையா ஒரு முடிவோடு வந்தார். கியர்ப் பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்த்துவிடுவது. அவருடைய பட்டறையில் வண்டியைத் தூக்கி, அடியில் கட்டையெல்லாம் முட்டுக் கொடுத்து ஆயத்தமாகிவிட்டார். பிரித்தால் பூட்டத் தெரிந்த ஆள் நம் பக்கம் யாரும் இல்லை. மறுபடி சிங்கப்பூருக்குத்தான் அனுப்ப வேண்டும். பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் தாமதம், சூடானால் தாமதம் இல்லை. நின்றால் தாமதம், ஓடிக்கொண்டிருந்தால் இல்லை. அந்தத் தாமதத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று எங்கள் தோட்டத்து மோட்டார் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் இரையும், தண்ணீர் வராது. ராத்திரியில் குழாயிலிருந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்ட தண்ணீர் மறுபடி ஏறி வர வேண்டும். வந்ததும் குபுக்கென்று கொட்டும். கிணற்றில் தண்ணீர் வற்றி, மோட்டார் காற்றையும் சேர்த்து இழுக்கும் நாள்களில் அந்தத் தாமதம் இன்னும் அதிகம்.

அப்படியானால் கியர்ப் பெட்டியில் ஆயில் குறைவு என்றல்லவா ஆகிறது? ஆனால் தினமும் கம்பியில் நிறைந்து காட்டுகிறதே! அதற்கும் எங்கள் கிணறே பதில் சொன்னது. கரிசல் காட்டில் நிலம் வாங்க வருகிறவர்கள் கிணற்றைக் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு விலை பேச மாட்டார்கள். காலையில் எந்தக் கிணறும் நிறைந்துதான் நிற்கும். மோட்டாரைப் போட்டு ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதுதான் கிணற்றின் உண்மையான இருப்பு. நாங்கள் எல்லாரும் சேர்ந்து, ஓடாத கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நிறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். லாரி இன்ஜினுக்குச் சரியான வழக்கம், ஓடும்போது ஆயிலை மேலே இழுத்துக்கொள்கிற இந்தப் பெட்டிக்குத் தப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஐயா. பெஞ்சிலிருந்து எழுந்து, "தங்கையா, கட்டைய எடுங்க, வண்டியக் கீழ எறக்குங்க" என்று கத்தினேன்.

இறக்கினார். "இன்ஜின ஓடவிட்டுக் கியர்ப் பெட்டிக் கம்பிய உருவுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "ஓடுத வண்டியிலயா ஆயில் பாக்கது? நான் கம்பியப் பிடிச்ச நாள்ல இருந்து அப்பிடி ஒரு வழக்கத்தக் கண்டதில்ல. பக்கத்துல ஃபேன் சுத்துது தாயி, கை போயிரும்." "ஒங்க கை வேண்டாம், என் கை போகட்டும்" என்று நானே பானெட் பக்கம் போனேன். முதலில் வண்டியை ரோட்டில் கொஞ்சம் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து சமதரையில் நிறுத்தினோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. உன் அப்பா என் சேலைத் தலைப்பு ஃபேன் பக்கம் போகாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். கம்பியை உருவினேன், துடைத்தேன், விட்டேன், எடுத்தேன். காய்ந்துபோன கம்பி. நுனியில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி ஒரு துளி. தங்கையா அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு, "அடியாத்தி, வறண்டுல்லா கெடக்கு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு மேளம் கொட்டின மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தங்கையாவின் கைவரிசை. ஆயில் எங்கே போனது என்று அடியில் படுத்துத் தேடினார். ஆயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குப் போகிற குழாயின் ஒரு மூட்டில் கசிவு. கசிந்ததெல்லாம் சொட்டாமல், அதன் மேல் கரிசல் தூசி அப்பி அப்பி ஒரு கறுப்புத் தேன்கூடு மாதிரி இறுகியிருந்தது. அதனால்தான் தரையில் ஒரு நாளும் கறை விழவில்லை. சுரண்டி எடுத்து, புதுக் குழாய் போட்டு இறுக்கினார். மதுரையிலிருந்து அந்தப் பெட்டிக்கு உரிய சிவப்பு ஆயிலை வரவழைத்தோம். இன்ஜின் ஓட ஓட, கொஞ்சம் ஊற்றுவது, கம்பியைப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் ஊற்றுவது. கம்பியிலுள்ள கோட்டைத் தொட்டதும் நிறுத்தினோம். அன்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம். நான் ஏறி ஸ்டார்ட் செய்து கியர் கம்பியைத் தள்ளினேன். தள்ளின கையை எடுக்கும் முன் கியர் விழுந்தது. உதை இல்லை, டொம் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி மெதுவாகத் தானே நகர்ந்தது. நான் அழுதேன் என்று உன் அப்பா சொல்வார். நம்பாதே, அவர்தான் அழுதார்.

மறு சோதனைக்குப் போகும்போது உன் அப்பாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. "இங்கேரு, வரிசையில நிக்கும்போது இன்ஜின அணைக்க வேண்டாம். சூடாவே இருக்கட்டும்" என்று காதோடு சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! சூடான வண்டியைக் காட்டி லைசென்ஸ் வாங்கினால், நாளைக்குக் குளிர்ந்த வண்டிக்கு யார் பதில் சொல்வது? அணைத்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஓட்டி முடிக்கும் வரை குளிர விட்டேன். அதே ஆய்வாளர் வந்தார். சீமைக்கருவேலம் புதரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "சார், ஏறுததுக்கு முன்னால பானெட்டத் தொட்டுப் பாருங்க" என்றேன். தொட்டார். சில்லென்று இருந்திருக்கும், கையை எடுத்துக்கொண்டார். "சரி பண்ணியாச்சா?" "ஒக்காந்து பாருங்க சார்." உட்கார்ந்தார். இந்தத் தடவை ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்டார்ட் செய்தேன், கம்பியைத் தள்ளினேன், வண்டி பூனை நடப்பது மாதிரி நகர்ந்தது. எட்டுப் போட்டேன். பின்னால் எடுத்தேன். அந்தப் புதருக்கு ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோய் வேண்டுமென்றே நிறுத்திக் காட்டினேன். திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெளியே காத்துக்கிடந்த லாரிக்காரர்களில் ஒருவர் ஆரனை அமுக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு எல்லாரும். கோவில்பட்டி மைதானமே அதிர்ந்தது. எந்தக் கல்யாண மேளமும், உன் கல்யாண மேளத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என் காதில் அப்படி விழப்போவதில்லை.

மைதானத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். உன் அப்பா வந்து பக்கத்தில் ஏறினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே கயத்தாறு ரோட்டில் விட்டேன். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில், என் அப்பா வரப்பில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வண்டியிலிருந்து நான் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவதைப் பார்த்ததும் மனிதர் துண்டை எடுத்து வீசிக்கொண்டே ஓடி வந்தார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஈடாக இன்று வரை ஒன்றும் வரவில்லை. நீ பிறந்ததை விட்டுவிட்டுச் சொல்கிறேன், கோபப்படாதே.

புரோக்கர் வந்தார், காப்பி குடித்தார், போனார். ஒரு நாள் அம்பாசடரை ஆபீஸ் வேலையாக எங்கோ அனுப்பிவிட்ட நேரத்தில், உன் பெரியம்மாவுக்குக் கழுகுமலைக் கோவிலுக்குப் போக வேண்டும் என்று வேண்டுதல். பெரியப்பா வழக்கம்போல உன் அப்பாவைத் தேடிப் பிடித்து, "தம்பி, மதினியக் கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேளு" என்றார். நான் உள்ளே இருந்தே, "அத்தானையே வந்து என்கிட்ட கேக்கச் சொல்லுங்க" என்றேன். சரி, இன்றைக்கு ஒரு ரகளைதான் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பா மெதுவாக என் அறை வாசலுக்கு வந்தார். எனக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, ஒனக்கு இன்னைக்கு நேரம் ஒழியுமா?" என்று கேட்டார். "ஒழியும் அத்தான், நீங்களும் வாங்க" என்றேன். வந்தார். போகும்போது முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர், திரும்பும்போது தூங்கிவிட்டார். ஒருவர் நம் ஓட்டுதலை நம்புகிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதையெல்லாம் கல்யாண வாழ்க்கைக்குப் பாடமாகத் திருப்பப் போகிறேன் என்றுதானே நினைக்கிறாய்? ஆமாம், திருப்பத்தான் போகிறேன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா! கனகாவோடு வாழத் தொடங்கும்போது, நீ சொன்னதற்கு அவளிடமிருந்து உடனே பதில் வராத காலைகள் இருக்கும். அப்போது மிதியை அமுக்காதே. பேசாமல் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு இரு. இன்னொன்று, எந்த மனிதரையும் சும்மா நிற்கும்போது எட்டிப் பார்த்து இவ்வளவுதான் என்று அளந்துவிடாதே. உன் அப்பாவைச் சும்மா நிற்கும்போது பார்த்த ஊர், அவரைப் பயந்தாங்கொள்ளி என்று அளந்தது. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஃபேனுக்குப் பக்கத்தில் நின்றபோது பார்த்தவள் நான். எனக்கு அவருடைய அளவு தெரியும். கடைசியாக, அக்கறை என்ற பெயரில் யாருடைய வழியையும் மறிக்காதே. நீ எனக்கு டிரைவர் அனுப்புகிறேன் என்றது பாசத்தில்தான். உன் பெரியப்பா சொன்னதும் பாசத்தில்தான்.

ஆகவே உன் டிரைவர் வேண்டாம். திருநெல்வேலி மண்டபத்துக்கு நானும் உன் அப்பாவும் நம் வண்டியில் வருகிறோம். தங்கையா போன வாரம் முழுவதும் பார்த்துக் கொடுத்துவிட்டார், இன்ஜினை ஓடவிட்டுத்தான் பார்த்தார். இந்த ஏற்பாட்டில் இனி உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் உன்னைவிட எனக்கு வேண்டியவர் ஒருவர் முடிவு செய்துவிட்டார். நீ போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கனகா கூப்பிட்டாள். நீ அவளிடமும் இதைச் சொல்லிப் புலம்பியிருப்பாய் போல. "அத்தை, அவிய சொல்லுததக் கேக்காதீங்க. கல்யாணம் முடிஞ்சு ஊருக்கு வரும்போது நான் ஒங்க வண்டியிலதான் வருவேன். முன்னால ஒங்க பக்கத்து சீட்டு எனக்கு. எப்பிடி ஓட்டுததுன்னு வழியெல்லாம் பாத்துட்டே வாரேன், வந்ததும் எனக்குச் சொல்லித் தரணும்" என்றாள். "மாப்பிள்ளைய எங்கம்மா வைக்கது?" என்று கேட்டேன். "பின்னால இருக்கட்டும் அத்தை" என்று சொல்லிச் சிரிக்கிறாள். நான் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது உன் அப்பா சொந்தக்காரர்களோடு வேனில் வந்துகொள்வார். உனக்கோ நெட்டையான கால். அந்த வண்டியில் பின் சீட்டு என்பது பேருக்குத்தான். பட்டு வேட்டியோடு முழங்காலை நெஞ்சு வரை மடக்கி உட்கார இப்போதிருந்தே பழகிக்கொள்.

அம்மா